ஏரிக்கு யார் பொறுப்பு? பே ஆஃப் பிளென்ட்டி பிராந்தியக் கவுன்சிலின் பணியும் அதன் எதிர்காலமும்

கரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நியூசிலாந்தின் பிராந்தியக் கவுன்சில்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்களை நீக்கிவிட்டு, அவர்களுடைய பொறுப்பை அந்தந்தப் பகுதி மேயர்கள் அடங்கிய வாரியங்களிடம் ஒப்படைக்கலாம் என்னும் யோசனையை அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. எங்கள் ஊரில் தமிழர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், "நகரக் கவுன்சிலுக்கு ஒரு வரி, பிராந்தியக் கவுன்சிலுக்கு ஒரு வரி என்று இரண்டு எதற்கு?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் ரொட்டோருவா ஏரிக்கரையில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில், இந்த அமைப்பு என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அது வேண்டுமா வேண்டாமா என்று நாம் முடிவுசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

1989ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சீர்திருத்தத்தில் இந்தக் கவுன்சில்கள் உருவானபோது, அவற்றின் எல்லைகளைப் பெரும்பாலும் மழைநீர் எந்தப் பக்கம் வழிந்தோடுகிறது என்பதை வைத்தே வகுத்தார்கள். ஓர் ஆறு பிறக்கும் மலையும், அது கடலில் சேரும் முகத்துவாரமும் கூடியவரை ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இந்த எண்ணம் அன்று திடீரென்று தோன்றியதும் அன்று. மண் அரிப்பையும் வெள்ளத்தையும் கட்டுப்படுத்துவதற்காக 1941இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், ஆற்றுப்படுகை வாரியங்கள் ஏற்கெனவே இயங்கிவந்தன. அந்த மரபின் வாரிசுகளாக இன்று 11 பிராந்தியக் கவுன்சில்கள் உள்ளன. எங்கள் பே ஆஃப் பிளென்ட்டி கவுன்சிலின் தலைமையிடம் ஃபாகட்டானே நகரில் இருக்கிறது. உறுப்பினர்கள் 14 பேர். நீர், காற்று, மண், கடற்கரை, ஆற்றுக்கரை வெள்ளத்தடுப்பு, களைகளும் அந்நிய விலங்குகளும், நகரப் பேருந்து என்று அதன் பொறுப்புகள் விரிகின்றன.

ரொட்டோருவா நகரத்தின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் 1991 வரை இந்த ஏரியில்தான் விடப்பட்டது. அதன் பிறகு அது ஃபாகரேவாரேவா காட்டு நிலத்துக்குத் திருப்பப்பட்டது. அத்துடன் ஏரி தேறிவிடும் என்று பலர் நம்பினார்கள், தேறவில்லை. 2003 கோடையில் பக்கத்து ஏரியான ரொட்டோயிட்டியில் நச்சுத்தன்மை கொண்ட நீலப்பச்சைப் பாசி படர்ந்து, தண்ணீரைத் தொடாதீர்கள் என்று எச்சரிக்கை விடும் நிலை வந்தது. 2006இல் ஏரிகளின் படுகை, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் தே அராவா இனத்தாருக்குச் சட்டப்படி திருப்பி அளிக்கப்பட்டது. 2008இல் மத்திய அரசு 7 கோடியே 21 லட்சம் டாலர் தர ஒப்புக்கொள்ள, கவுன்சில்கள் அதற்கு ஈடான தொகையைப் போட்டன. தே அராவா ஏரிகள் அறக்கட்டளை, ரொட்டோருவா நகரக் கவுன்சில், பிராந்தியக் கவுன்சில் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் 12 ஏரிகளின் மீட்புத் திட்டம் இன்றும் தொடர்கிறது.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஓர் ஏரியைத் தேற்றப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றால், அந்தக் கணக்கை யார் கையில் வைத்திருப்பது? நேரில் கண்டவர்களும் இந்தத் துறையில் வேலை செய்பவர்களும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வைகைக்கரை

கரைவாசி ஐயா, மதுரையிலிருந்து எழுதுகிறேன். நகரக் கவுன்சில் என்பது எங்கள் மாநகராட்சியைப் போன்றது என்று புரிகிறது. பிராந்தியக் கவுன்சில் அதற்கு மேலதிகாரியா? ஒன்றின் முடிவை மற்றொன்று மாற்ற முடியுமா? இது தெரியாமல் மேலே படிக்கச் சிரமமாக இருக்கிறது.

கரைவாசி

நல்ல கேள்வி. மேலதிகாரி இல்லை. இரண்டும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுபவை. இரண்டுக்கும் வேறு வேறு வேலை. குழாயில் வரும் குடிநீர், சாக்கடை, குப்பை, தெரு, பூங்கா, கட்டட அனுமதி எல்லாம் நகர அல்லது மாவட்டக் கவுன்சிலைச் சேர்ந்தவை. ஆற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், ஏரியில் எதை விடலாம், எந்தப் புகை அளவுக்கு மீறியது என்பவற்றை 1991ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டத்தின்படி தீர்மானிப்பது பிராந்தியக் கவுன்சில். ஆகவே நகரத்தின் கழிவுநீர் நிலையத்துக்கே பிராந்தியக் கவுன்சிலின் அனுமதி தேவை. தண்ணீரை அசுத்தப்படுத்தக்கூடிய அமைப்பும் அதைக் கண்காணிக்கும் அமைப்பும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது இந்தப் பிரிவினையின் முக்கியமான பலன் என்பது என் கருத்து. மேயர்களின் வாரியம் வந்தால் இந்தத் தொலைவு குறையும் என்பதே என்னுடைய முதல் கவலை.

மேய்ச்சல்

ஐயா, நான் எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். இருந்தாலும் எழுத வேண்டும். நம் ஊரில் வாரத்துக்கு நிலம் உழுவதைப் போல, இங்கே வாரத்துக்குப் பால் கறக்கும் முறை ஒன்று உண்டு. பண்ணை ஒருவருடையது, மாடுகள் மற்றொருவருடையது, வருமானம் பங்கு. அப்படிப்பட்ட ஒரு பண்ணையில் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலேயே என் குடும்பம் பிழைக்கிறது.

ஏரி கெட்டதற்குப் பசுவே காரணம் என்று நகரத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பசு ஓரிடத்தில் பெய்யும் சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன், அந்தச் சிறு வட்டத்துப் புல் உண்ணக்கூடிய அளவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும், மீதி குளிர்கால மழையோடு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது என்பதும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த நிலங்களைத் திருத்திப் புல்வெளியாக்குமாறு ஒரு காலத்தில் ஊக்குவித்ததும் அரசுதான். அன்று எவரும் நைட்ரஜனைப் பற்றிப் பேசவில்லை. இப்போது ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வரம்பு விதித்து, அதற்குமேல் கசியக் கூடாது என்கிறார்கள். கசிவைக் கண்ணால் பார்க்க முடியாது, நேரடியாக அளக்கவும் வழியில்லை. ஓவர்சீர் என்னும் கணினி மாதிரியைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். அந்த மாதிரியின் மதிப்பீடுகளை முழுமையாக நம்ப முடியாது என்று அரசு அமர்த்திய வல்லுநர் குழுவே 2021இல் அறிக்கை அளித்தது. அப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒருவருடைய கடனையும் நிலத்தின் விலையையும் நிர்ணயிப்பது எவ்வளவு பாரம் என்பதை, வங்கியின் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்குப் பிராந்தியக் கவுன்சில்மீது பகை கிடையாது. எங்கள் பள்ளத்தாக்கில் அவர்களுடைய அலுவலர் ஒருவர் வந்து சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்று எங்களோடு சேர்ந்து குறித்தார். அதன் பிறகு புல்வெளியின் தாழ்ந்த இடத்தில் மண்மேடு ஒன்றை எழுப்பினோம். பெருமழையில் வழிந்து வரும் நீரை அதிகபட்சம் மூன்று நாள் தேக்கி, வண்டலைப் படியவைத்து, பிறகு வடியவிடும் மேடு அது. மூன்று நாளுக்குள் வடிந்துவிட்டால் புல் அழுகாது. நம்மூர்க் கசிவுக்குட்டையின் தம்பி என்று சொல்லலாம். இந்த முறை ரொட்டோருவாப் பகுதியிலேயே விவசாயிகளும் கவுன்சிலும் சேர்ந்து வளர்த்தெடுத்தது. அப்படிப்பட்ட வேலைக்கு நான் எப்போதும் தயார். சட்டத்தின் குச்சியை மட்டும் காட்டினால் மனம் ஒப்பவில்லை.

நீர்வேதி

மேய்ச்சல் தம்பி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நீரின் தரத்தை ஆராயும் துறையில் இருப்பதால், குச்சி ஏன் தேவைப்பட்டது என்பதை எண்களோடு விளக்க முயல்கிறேன்.

ரொட்டோருவா ஏரி ஏறத்தாழ 80 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஆனால் சராசரி ஆழம் 11 மீட்டர் அளவுதான். இப்படி அகன்று ஆழம் குறைந்த ஏரியில் அடியில் படிந்த சத்துகள் எளிதில் மேலே வந்து பாசிக்கு உணவாகிவிடும். 1960களில் இருந்த தெளிவுக்கு ஏரி திரும்ப வேண்டும் என்று இங்குள்ள மக்கள் விரும்பினார்கள். மொத்த நைட்ரஜன், மொத்த பாஸ்பரஸ், பாசியின் பச்சையம், நீரின் தெளிவு ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீட்டில் அந்த நிலை 4.2 என்று குறிக்கப்பட்டது. அந்த நிலையில் ஏரி நிலைத்திருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 435 டன் நைட்ரஜனுக்குமேல் உள்ளே வரக் கூடாது. மதிப்பிடப்பட்ட வரவோ 755 டன். குறைக்க வேண்டியது 320 டன், கெடு 2032.

அந்த 320 டன்னை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும். 140 டன் பண்ணைகளுக்கான விதிகளின் மூலம். 100 டன் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முன்வருவோருக்கு நான்கு கோடி டாலர் ஊக்கத்தொகை மூலம். 50 டன் பொறியியல் வழிகளில். 30 டன் கோர்ஸ் என்னும் மஞ்சள் பூ முட்புதரை அகற்றுவதன் மூலம். கோர்ஸ் அவரைக் குடும்பத்துச் செடி; காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் பிடித்துவைத்து மண்ணுக்குள் கசியவிடும். ஆகவே பசு மேயாத, எவரும் திரும்பிப் பாராத முட்காடும் ஏரியைக் கெடுக்கிறது. குச்சியை மட்டுமே காட்டினார்கள் என்பது முழு உண்மை ஆகாது, தம்பி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பொதுப்பணத்தால் வாங்கவே திட்டமிட்டார்கள்.

அடுத்ததாக, காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே எரிமலை மண்ணில் இறங்கும் மழைநீர் ஏரியை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஹாமுரானா போன்ற பெரிய ஊற்றுகளில் இன்று பொங்கும் தண்ணீரின் சராசரி வயது நூறாண்டை ஒட்டியது. ஆகவே இன்று ஏரியில் சேரும் நைட்ரஜனில் ஒரு பகுதி நம் பாட்டன் காலத்து நில மாற்றத்தின் விளைவு. நாம் இன்று கசியவிடுவதில் ஒரு பகுதி நம் பேரன் காலத்தில்தான் கரையை அடையும்.

அதுவரை ஏரியைத் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் அலுமினியம் சல்பேட். நம் வீடுகளில் கலங்கிய தண்ணீரில் படிகாரத்தைச் சுழற்றுவோம் அல்லவா, அதற்கு நெருங்கிய உறவுடைய பொருள். 2006 முதல் உட்டுஹினா ஓடையிலும், 2010 முதல் புவாரெங்கா ஓடையிலும் இதைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள். அது நீரில் கரைந்துள்ள பாஸ்பரஸைப் பிடித்துத் திரளாக்கிப் பாசிக்குக் கிட்டாமல் செய்கிறது. இந்தப் பாஸ்பரஸில் கணிசமான பங்கு பழைய எரிமலைப் பாறையிலிருந்து இயற்கையாகவே கரைந்து வருவதால், பண்ணைகளை எவ்வளவு திருத்தினாலும் அது முழுவதும் நிற்காது. இந்த மருந்து தொடங்கிய சில ஆண்டுகளில் ஏரி தன் இலக்கான 4.2ஐத் தொட்டது. ஆனால் இதை ஒரு நோயாளிக்கு ஏற்றும் குளுக்கோஸ் என்றுதான் நான் கருதுகிறேன். ஏரி தெளிந்துவிட்டது, இனி விதி எதற்கு என்று கேட்பவர்கள், மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மேய்ச்சல்

அக்கா, ஊக்கத்தொகையைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் அது நிலத்தின் உரிமையாளருக்குப் போவது. மாடுகளைக் குறைத்தால் வாரத்துக்குக் கறப்பவனுக்குப் பால் குறையும். அந்த இழப்பை எவரும் வாங்கிக்கொள்ளவில்லை. இதை யார் கவனிப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

கிவித்தோட்டம்

தே புகே பக்கம் கிவிப்பழத் தோட்டங்களில் வேலை செய்கிறேன். இந்த இழையில் எல்லோரும் ஏரியோடு நின்றுவிடுகிறார்கள். ஏரித் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லையே. அது எங்கள் பக்கம்தான் வருகிறது.

ரொட்டோருவா ஏரியின் நீர் ஓஹௌ கால்வாய் வழியாக ரொட்டோயிட்டிக்குள் போகும். அங்கிருந்து கைட்டூனா ஆறாகக் கடலுக்கு இறங்கும். ரொட்டோருவாவின் சத்து மிகுந்த தண்ணீரால் ரொட்டோயிட்டி கெடுகிறது என்பதால், 2008இல் ஏரிக்குள்ளேயே 1,275 மீட்டர் நீளத்துக்கு எஃகுத் தகடுகளால் ஒரு தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். அது கால்வாய் நீரை ரொட்டோயிட்டியின் நடுவே பரவவிடாமல் நேராகக் கைட்டூனாவுக்குள் திருப்பிவிடுகிறது. ரொட்டோயிட்டி தெளிந்தது, அதை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன், மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சத்தெல்லாம் ஆற்றோடு கீழே வருகிறது. கீழே ஆற்றையும் முகத்துவாரத்தையும் நம்பி வாழும் மக்கள், மேலே இருப்பவர்களின் அழுக்கு எங்களுக்கா என்று கேட்டதில் என்ன தவறு?

அந்த முகத்துவாரத்தின் கதை இன்னும் பழையது. அது இருக்கும் மக்கெட்டூ, தே அராவாவின் மூதாதையர் வந்த படகு கரையேறிய இடம். தாழ்ந்த நிலங்களை வெள்ளத்திலிருந்து காத்து மேய்ச்சலுக்குக் கொண்டுவருவதற்காக, 1956இல் கைட்டூனா ஆற்றை அந்த முகத்துவாரத்திலிருந்து பிரித்து நேராகக் கடலுக்கு வெட்டிவிட்டார்கள். நல்ல தண்ணீர் வரத்து நின்றதால் முகத்துவாரம் தூர்ந்து, பாசி ஏறி, சதுப்புப் புல் அழிந்து, சிப்பியும் மீனும் அருகின. மாவோரி மக்களும் உள்ளூர்க்காரர்களும் பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டதன் பேரில், 1996இல் ஒரு சிறு மதகின் வழியாக ஆற்றின் 4 சதவீதம் திருப்பிவிடப்பட்டது. அது போதவில்லை. 2020இல் புதிய வாய்க்காலும் மதகுகளும் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 20 சதவீதம் மீண்டும் முகத்துவாரத்துக்குப் போகிறது. மேய்ச்சல் நிலமாக இருந்த 20 ஹெக்டேரும் மறுபடி சதுப்பு நிலமாக்கப்பட்டிருக்கிறது. அதைச் செய்ததும் இதே பிராந்தியக் கவுன்சில்தான்.

இதில் என் கருத்து என்னவென்றால், ஏரி ரொட்டோருவா மாவட்டத்தில் இருக்கிறது, முகத்துவாரம் மேற்கு பே ஆஃப் பிளென்ட்டி மாவட்டத்தில் இருக்கிறது. ஏரிக்கரை வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய மேயர், எங்கள் முகத்துவாரத்துக்காகத் தன் ஊர்மீது செலவை ஏற்றுவாரா? மேல்மடைக்கும் கடைமடைக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பு இருந்ததால்தான், சுவரைக் கட்டியவர்களிடமே போய் எங்கள் கணக்கையும் கேட்க முடிந்தது. கடைமடைக்காரனின் கவலை நம் ஊர் உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வைகைக்கரை

கிவித்தோட்டம் நண்பரே, கடைமடை என்ற ஒரு சொல்லில் எனக்கு முழு இழையும் விளங்கிவிட்டது. நன்றி.

மண்மூட்டை

நான் ஃபாகட்டானேயில் வசிக்கிறேன். பாராட்டு மட்டுமே இருந்தால் விவாதம் முழுமை அடையாது என்பதால் எட்ஜ்கம் ஊரையும் நினைவூட்டுகிறேன்.

2017 ஏப்ரல் 6ஆம் நாள், டெபி புயலின் எச்சமாக வந்த பெருமழையில் ரங்கிட்டாய்கி ஆறு நிரம்பி, ஊரை ஒட்டிய கான்கிரீட் வெள்ளச்சுவர் உடைந்தது. ஆறு தெருக்களின் வழியாகப் பாய்ந்தது. ஏறத்தாழ 1,600 பேர் வெளியேற வேண்டியிருந்தது. உயிரிழப்பு இல்லாதது பெரும்பேறு. அந்த வாரம் வீடுகளிலிருந்து சேற்றை வாரி வெளியே கொட்டியவர்களில் நானும் ஒருவன். சுவர்க் காகிதம் வரை ஊறிப்போன வீட்டில், ஒரு முதிய அம்மையார் தன் திருமணப் படங்களை வெயிலில் ஒவ்வொன்றாக விரித்துவைத்தது இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அந்தச் சுவரும் கரையும் பிராந்தியக் கவுன்சிலின் பொறுப்பில் இருந்தவை. முன்னாள் துணைப் பிரதமர் மைக்கேல் கல்லன் தலைமையில் தனி விசாரணை நடந்து, அதே ஆண்டு அறிக்கை வெளிவந்தது. சுவரின் நிலையோடு, மேலே உள்ள மாதஹினா அணையின் நீர்மட்டத்தைப் பெருமழைக்கு முன்னால் எப்படிக் கையாள்வது என்பதையும் அந்த விசாரணை ஆராய்ந்தது. பிறகு உடைந்த இடத்தில் கரையை ஆற்றிலிருந்து பின்னுக்குத் தள்ளிப் புதிதாக அமைத்தார்கள். ஆனால் அங்கே மீண்டும் குடியேறியவர்களுக்குக் கனமழை அறிவிப்பு வரும் இரவுகளில் இப்போதும் உறக்கம் வருவதில்லை.

கவுன்சிலைக் கலைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. வெள்ளக்கரையின் பராமரிப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத செலவு; உடைகிற நாள்வரை அதை எவரும் பாராட்டமாட்டார்கள். பாலம், விளையாட்டரங்கம், நூலகம் ஆகியவற்றோடு ஒரே மேசையில் கரைப் பராமரிப்பும் போட்டியிட நேர்ந்தால், எது தள்ளிப்போகும் என்பதை யோசித்துப் பாருங்கள். அதே சமயம், தனி அமைப்பு இருந்தும் சுவர் உடைந்ததே என்ற கேள்வியிலிருந்தும் நாம் தப்பிவிட முடியாது. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் நான் சிந்திக்கிறேன்.

கரைவாசி

மண்மூட்டை ஐயா எழுதியதை ஏற்கிறேன். பொறுப்பு ஒருவரிடம் குவிந்திருந்ததால்தான் விசாரணையில் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் வரவில்லை. ஐந்தாறு மேயர்களிடம் பொறுப்பு பிரிந்திருந்தால், மறுநாள் யாருடைய வாசலில் போய் நிற்பது?

செலவைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இரட்டை வரி என்ற பேச்சோடுதான் இந்த இழையே தொடங்கியது. டவுரங்கா துறைமுக நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ 54 சதவீதம், குவேசைடு என்னும் முதலீட்டு நிறுவனத்தின் வழியாக, எங்கள் பிராந்தியக் கவுன்சிலுக்குச் சொந்தம். அதிலிருந்து வரும் ஈவுத்தொகை எங்கள் வரியைக் குறைக்கிறது. கவுன்சிலின் அமைப்பு மாறினால் அந்தச் சொத்து யாருடைய பொறுப்பில் போகும் என்பதும், அதன் வருவாய் நீருக்கும் மண்ணுக்கும் செலவாகுமா வேறு தேவைகளுக்குத் திரும்புமா என்பதும் நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள்.

கடலோரம்

நான் சுருக்கமாக எழுதுகிறேன். 2011 அக்டோபர் 5 அன்று ரீனா என்னும் சரக்குக் கப்பல் டவுரங்காவுக்கு வெளியே ஆஸ்ட்ரோலேப் பாறைத்திட்டில் ஏறி நின்றது. சில நூறு டன் எண்ணெய் கடலில் கலந்தது. பாப்பமோவா கடற்கரை முழுவதும் தார் உருண்டைகள் ஒதுங்கின. ஏறத்தாழ 8,000 பேர் தன்னார்வலர்களாகப் பெயர் கொடுத்தார்கள். நானும் என் கணவரும் வெள்ளை உடுப்பு அணிந்து மணலைச் சலித்தோம். அவ்வளவு பேரை யார் எங்கே போக வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒழுங்குபடுத்துவதில் கைகொடுத்தது, மணல்மேடுகளில் புல் நடும் தன்னார்வலர்களோடு பிராந்தியக் கவுன்சில் ஊழியர்களுக்கு ஏற்கெனவே இருந்த பழக்கம். ஸ்பினிஃபெக்ஸும் பீங்காவோவும் நட்டு மணல்மேட்டைக் கட்டும் அந்தக் குழுக்களின் வேலை சாதாரண நாளில் எவர் கண்ணிலும் படாது. கடல் அரிப்பிலிருந்து வீடுகளைக் காப்பது அந்தப் புல்தான்.

தாமரைக்குளம்

கடலோரம் அவர்களின் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ரொட்டோயிட்டி ஏரியில் 2016இல் பழுப்புக் கெளுத்தி கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன், கோவுரா என்னும் நன்னீர் இறாலை விழுங்கி அழிக்கக்கூடியது. கோவுரா தே அராவா மக்களின் விருந்தோம்பலுக்குரிய உணவு. பெரணித் தழைகளைக் கட்டுக் கட்டாகக் கயிற்றில் கோத்து ஏரியின் அடியில் இறக்கி, உள்ளே தங்கும் கோவுராவோடு தூக்கியெடுப்பது அவர்களுடைய பழைய முறை. இன்று ஆய்வாளர்களும் கோவுராவின் எண்ணிக்கையை அறிய அதே தழைக்கட்டுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கெளுத்தியைப் பிடிப்பதற்குத் தே அராவா ஏரிகள் அறக்கட்டளை ஒரு தன்னார்வப் படையை அமைத்தது. பிராந்தியக் கவுன்சில் அதற்குத் துணை நின்றது. பள்ளிப் பிள்ளைகள், குடும்பங்கள், எங்களைப் போன்ற குடியேறிகள் எல்லோரும் வலைப்பொறி போட்டுப் பிடித்து, அளந்து, எண்ணி எழுதினோம். கெளுத்தி பிறகு ரொட்டோருவா ஏரியிலும் தென்பட்டது. முழுவதும் ஒழிக்க முடியவில்லை. எண்ணிக்கையை அடக்கிவைப்பதே இப்போதைய நோக்கம். களை மண்டிய இடங்களில் ஹரகேகே என்னும் சணல்வகை நாரால் முடைந்த பாய்களை ஏரியின் அடியில் விரித்து, வெளிச்சம் படாமல் களையை மாளச்செய்யும் முறையையும் கையாண்டிருக்கிறார்கள். அந்தப் பாயை முடையும் கைகளை அருகில் உட்கார்ந்து பார்த்தபோது, எங்கள் ஊர்க் கோரைப்பாய் நெசவு நினைவுக்கு வந்தது.

இந்தக் கவுன்சிலைப் பற்றி இன்னொன்றும் பதிவாக வேண்டும். மாவோரி வாக்காளர்களுக்கெனத் தனித் தொகுதிகளை நாட்டிலேயே முதலில் ஏற்படுத்திய கவுன்சில் இது. அதற்காக 2001இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2004 தேர்தல் முதல் மூன்று இடங்கள் அவர்களுக்கு உரியவை. ஏரியின் படுகைக்கு உரிமையுள்ள மக்கள், ஏரியின் விதிகள் எழுதப்படும் மேசையில் வாக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மேயர்களின் வாரியம் வந்தால் அந்த மூன்று இருக்கைகள் என்னவாகும் என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்காமல் நான் இந்த மாற்றத்தை ஆதரிக்க மாட்டேன்.

நீர்வேதி

எல்லையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ரொட்டோருவா மாவட்டத்தின் தென்பகுதி நீர் வைக்காட்டோ ஆற்றுக்குப் போவதால், அந்தப் பகுதி வைக்காட்டோ பிராந்தியக் கவுன்சிலைச் சேர்ந்தது. டவுப்போ மாவட்டமோ நான்கு பிராந்தியங்களில் பிரிந்து கிடக்கிறது. நிர்வாக வசதிக்கு இது தொல்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் மாவட்டக் கோட்டுக்காகத் தண்ணீர் திசை மாறாது. யார் நிர்வகித்தாலும் சரி, எல்லை நீர்ப்பிடிப்பின்படியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மேய்ச்சல்

எல்லோருடைய பதிவுகளையும் இரவு பால் கறந்து வந்த பிறகு இரண்டு முறை படித்தேன். நான் வரம்பை எதிர்த்துப் பேசியதாக யாராவது நினைத்திருந்தால், அது என் நோக்கம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கிவித்தோட்டம் அண்ணா எழுதிய கடைமடைக் கணக்கை நான் இதுவரை யோசித்ததில்லை. எங்கள் பள்ளத்தாக்கு நீர் ஏரியோடு முடிகிறது என்றே நினைத்திருந்தேன்.

என் நிலைப்பாடு இதுதான். விதி இருக்கட்டும். ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அது மாறக் கூடாது. மாடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மேட்டைக் கட்டி, ஓடைக்கு வேலியிட்டு முடித்தவனுக்கு, ஆட்சி மாறியதும் விதியும் மாறியது என்றால், கடன் மட்டும்தான் மிஞ்சும். சமையலறை மேசைக்கு வந்து வரைபடம் விரித்த அந்த அலுவலரின் வேலை எந்த வாரியம் வந்தாலும் தொடர வேண்டும். வாரத்துக்குக் கறப்பவர்களின் இழப்பையும் ஊக்கத்தொகைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரைவாசி

தம்பி, நீங்கள் எழுதிய மூன்றையும் நான் அரசுக்கு அனுப்பும் கருத்துரையில் சேர்க்கிறேன். உங்கள் சொற்களை அப்படியே மொழிபெயர்க்கிறேன். அதனுடன் நீர்ப்பிடிப்பின்படியே எல்லை, துறைமுகப் பங்கின் வருவாய்க்குப் பாதுகாப்பு, மாவோரித் தொகுதிகள், வெள்ளக்கரைப் பராமரிப்புக்குத் தனி நிதி, தடுப்புச்சுவரின் கீழ்ப்பகுதி ஆற்றின் தரம் ஆகியவற்றையும் எழுதுகிறேன். வரைவை இந்த வார இறுதிக்குள் இங்கேயே பதிவிடுவேன். கிவித்தோட்டம் நண்பர் கைட்டூனா பற்றிய பத்தியைப் படித்துத் திருத்தித் தர வேண்டும். நீர்வேதி அவர்கள் எண்களைச் சரிபார்க்க வேண்டும்.